சம்படத்து மூடி

ஏம்மா, நீ தப்பா நினைக்கலேன்னா இந்தப் பக்கம் மாறி உக்காந்துக்கிறியா? டிரைவருக்குப் பின்னாடி மூணாவது வரிசை, ஜன்னலோரம். விருதுநகர்ல ஏறுனா எனக்கு இந்த இடந்தான். வேற இடத்துல உக்காந்தா வயித்தைப் பெரட்டும். ஒருநாள் ஒரு மீசைக்காரர் எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாரு. நான் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்னேன். கிறுக்கின்னு நினைச்சிருப்பாரு, நினைச்சுட்டுப் போகட்டும். நீ கேட்டதும் எந்திரிச்ச பாரு, நல்லா இருப்ப.

மடியிலயா? முறுக்கும்மா. பித்தளைச் சம்படம், எங்கம்மா காலத்துது. மூடி இல்ல, அதான் தட்டை மேல வச்சுத் துண்டால கட்டிருக்கேன். காதுல பஞ்சு வச்சிருக்கேனேன்னு பாக்காத, நீ பேசுனா கேக்கும். இந்த ஹாரன் சத்தம் எனக்கு ஆகாது. குக்கர் விசில் ஆகாது. கல்யாண வீட்டு மேளம் ஆரம்பிச்சா நான் மண்டபத்துக்கு வெளிய வந்து நின்னுக்குவேன். ஆளாளுக்கு ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

ரயில்ல போனா சல்லுனு போயிரலாமேம்பாங்க எல்லாரும். நான் ரயில் ஏறுறதில்ல. அதை விடு.

எனக்கு ஒரு மனக்குறை, யார்கிட்டயாச்சும் சொல்லணும் போல இருக்கு. எங்க வீட்ல என் விசாரிப்புல குத்தம் சொல்லிட்டாங்கம்மா. விசாரிப்புன்னா பொண்ணு விசாரிக்கிறது. எங்க சொந்தத்துல யாருக்குப் பொண்ணு பாத்தாலும், மாப்பிள்ளை பாத்தாலும், போட்டோவெல்லாம் பாத்து முடிச்சு, "தங்கபுஷ்பம் ஒரு எட்டு போயிட்டு வரட்டும்"ம்பாங்க. தங்கபுஷ்பம் நான்தான். நான் போயி அந்தத் தெருவுல ஒரு சுத்து சுத்திட்டு வந்து சரின்னு சொன்னாத்தான் பூ வைப்பாங்க. எனக்குக் கல்யாணம் ஆகல, அதனால வேலையத்துக் கெடக்குறேன்னு அனுப்புறதில்ல. என் கண்ணுல ஒண்ணும் தப்பாதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

சொந்தக்காரங்ககிட்டக் கேக்கவே கூடாது. அவங்க மூடி மூடித்தான் பேசுவாங்க. பம்படியில நின்னு தண்ணி வாங்கிக் குடிக்கணும். இஸ்திரி போடுறவர்கிட்ட வழி கேக்கணும். தெருவுல விளையாடுற பிள்ளைகளுக்கு முட்டாய் வாங்கிக் குடுத்தா, எந்த வீட்டுக்குப் பந்து போனா எடுக்கப் போக மாட்டோம்னு அதுகளே சொல்லிரும். எல்லாத்துக்கும் மேல, கொடியைப் பாக்கணும். காயுற துணியை எண்ணுனா வீட்ல எத்தனை பேர்னு தெரிஞ்சுரும். வளந்த ஆளு கால்சட்டை, ஆனா பட்டன் இல்ல, நாடா கோத்துருக்குன்னு வச்சுக்க, அந்த வீட்ல ஒரு ஆளை மறைக்கிறாங்கன்னு அர்த்தம். கெட்டிக்காரப் பொம்பளைக அந்தத் துணியை வெளிய போட மாட்டாங்க, வீட்டுக்குள்ளயே காயப்போடுவாங்க. உள்ள காயுற துணிக்கு ஒரு புழுங்கல் வாடை உண்டு. வாசல்ல நின்னாலே எனக்குத் தெரிஞ்சுரும்.

எப்படித் தெரியும்னா? தெரியும், அவ்வளவுதான்.

எங்கண்ணன் மகன் கதிரேசனுக்குத் திருமங்கலத்துல பொண்ணு பாத்தோம். சுபாஷினின்னு பேரு. அந்தத் தெருவுல நான் அரிச்செடுத்துட்டேன். குடி இல்ல, வம்பு இல்ல, வியாதி இல்ல. கொடியில ஒரு குறையும் இல்ல. திரும்பி வந்து எங்க மதினிகிட்ட, தைரியமாப் பூ வைங்கன்னேன். கதிரேசனோட அம்மா அவங்க. எங்கண்ணன் அப்பவே தவறிட்டாரு, அதனால வீட்ல மதினி வச்சதுதான் சட்டம். கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு. சுபாவும் நல்ல பிள்ளை, வாய் ஓயாது. முறைக்கு என்னைச் சின்னம்மான்னுதான் கூப்பிடணும், புருஷன் கூப்பிடுறதைக் கேட்டு அவளும் அத்தை அத்தைன்னே வருவா.

ஒரு பொம்பளப் பிள்ளை பிறந்துச்சு, ஆதிரைன்னு பேர் வச்சோம். பொறந்தப்ப கண்ணு அப்படியே எங்க வீட்டுக் கண்ணு. நடந்துச்சு, ஓடுச்சு, பேச்சு மட்டும் வரல. கூப்பிட்டா திரும்பாது. தூக்குனா விறைக்கும். மிக்ஸி போட்டா காதைப் பொத்திக்கிட்டுக் கத்தும். அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், எனக்கும் மிக்ஸி சத்தம் ஆகாது. மதுரைக்குக் கொண்டுபோயிக் காட்டுனதுல ஆட்டிசம்னு சொல்லிட்டாங்க.

அன்னைக்குச் சாயந்தரம் மதினி என்னைப் பாத்து, என்னத்த விசாரிச்சேன்னு கேட்டாங்கம்மா. ஒரு வார்த்தைதான். சோறு இறங்கல எனக்கு. எத்தனை வீட்டுக் கல்யாணத்துக்கு விசாரிச்சவ நான்!

அதனால திரும்பப் போனேன், திருமங்கலத்துக்கு. அதே பம்படி, அதே தெரு. இப்ப என்னைக் கண்டா அந்தத் தெருவுல கதவைச் சாத்துறாங்க, அது வேற விஷயம். தோண்டித் துருவி ஒண்ணு புடிச்சேன். சுபாவோட தாய்மாமன் ஒருத்தருக்குச் சின்ன வயசுல திக்குவாயாம். இப்ப சரியாப் போச்சாம், பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருக்காராம். இருந்தாலும் திக்கிருக்காருல்ல? வந்து மதினிகிட்டச் சொன்னேன். உள்ளதைத்தானே சொன்னேன். மதினி அதைப் புடிச்சுக்கிட்டாங்க. தட்டுல சோத்தை வைக்கிறப்பல்லாம், உங்க மாமன் வழிதான் இந்தப் பிள்ளைன்னு சுபாவைக் குத்துவாங்க. கதிரேசன் வாயில்லாப் பூச்சி, கடைக்குப் போயி மல்லி மூட்டை பக்கத்துல உக்காந்துக்குவான். சுபா பேசுறதைக் குறைச்சுட்டா. அவ பேச்சில்லாம வீடு எப்படியோ ஆயிருச்சு. நான் உள்ளதைத்தான் சொன்னேன், அவங்க சண்டைக்கு நான் என்ன பண்ணுவேன்?

இது எந்த ஊரு, கள்ளிக்குடியா? இன்னும் நேரம் இருக்கு.

அப்புறம் ஒருநாள். இதைத்தாம்மா யார்கிட்டயும் சொல்லல. மதியம் நான் படுத்திருந்தேன். அடுப்படியில ஒரு சத்தம். தட்டு கீழ விழுற சத்தம் இல்ல. தட்டைக் குத்தா நிறுத்திச் சுத்தி விட்டா ஒரு சத்தம் வரும் பாரு, மொதல்ல மெதுவா, அப்புறம் சாயச் சாய வேகமா, கிணுகிணுகிணுன்னு. அது கூடவே ஒரு முனகல், அதுவும் சத்தத்தோட சேந்து ஏறிக்கிட்டே போகுது. கடைசியில டப்புன்னு உள்ளங்கையால ஒரு அடி. அப்புறம் ஒண்ணுமில்ல. திரும்ப மொதல்லருந்து.

அந்தச் சத்தத்தை நான் அரைப்பாவாடை கட்டுன காலத்துல கேட்டது.

போயிப் பாத்தா ஆதிரை. கன்னத்தைத் தரையில வச்சுப் படுத்திருக்கா. ஒரு காது தரையில. எவர்சில்வர் தட்டு சுத்துறதை ஒரு கண்ணால பாத்துக்கிட்டு முனகுறா. அந்தக் கன்னத்தை வைக்கிற பக்கம், அந்தக் கை, அந்த முனகல், எல்லாம் அவன்தாம்மா. அந்தப் பிள்ளை அவனைப் பாத்ததே கிடையாது. அவன் போயி அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. யாரு சொல்லிக் குடுத்தா? எனக்கு என்ன ஆச்சோ தெரியல, நானும் தரையில படுத்துட்டேன். கன்னத்தை வச்சேன். எனக்கு அந்த ராகம் தெரியுமே, கூடவே முனகுனேன். தட்டு அடங்குறப்போ அவ கை வர்றதுக்கும் என் கை வர்றதுக்கும் சரியா இருந்துச்சு, டப்புன்னு. என் கை மேல அவ கை. பொறந்ததுலருந்து யார் முகத்தையும் பாக்காத பிள்ளை, என் கண்ணைப் பாத்துச்சு.

நிமிந்தா, வாசப்படியில சுபா நிக்கிறா. முழுகாம இருந்தா அப்ப, ரெண்டாவது. வயித்துல கையை வச்சுக்கிட்டே நின்னா. "இதை யார்கிட்ட அத்தை கத்துக்கிட்டீங்க?"ன்னு கேட்டா. யார்கிட்டயும் இல்ல, சும்மா விளையாடுனேன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். மறுநாள் அந்தத் தட்டு, வீட்ல இருந்த மூடி, தாம்பாளம் எல்லாத்தையும் பரண்ல ஏத்திட்டேன். பிள்ளை காதுக்கு ஆகாதுன்னு சொன்னேன். அது தட்டுக்கு அழுதுச்சு. ஆனாலும் சுத்துற சத்தம் கேக்காம இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்னு நினைச்சேன், அப்பவும் வரல.

யாரு அவனா? எனக்கு அடுத்துப் பிறந்தவன். ஆனா அது வேறம்மா. அவனுக்குக் கைப்பிள்ளையில காய்ச்சல் வந்து அப்படி ஆயிருச்சுன்னு அம்மா சொல்லும். இது அது இல்ல. அவனும் பேச மாட்டான், கூப்பிட்டா திரும்ப மாட்டான், சரிதான். இருந்தாலும் காய்ச்சல் வேற, இது வேற. வத்தல் குடோன்லதான் அவனை வச்சிருப்போம், வீட்டுக்கு யாராச்சும் வந்தா. இந்தச் சம்படத்து மூடியைக் குடுத்துட்டா போதும், பொழுதன்னைக்கும் சுத்திக்கிட்டே இருப்பான். நான்தான் கூட இருப்பேன். எனக்கும் வந்தவங்க முன்னாடி நிக்கப் பிடிக்காது, அவன்கூட இருந்தா நிம்மதி. அவன் கால்சட்டையெல்லாம் நாடாதான். அம்மா உள்ளதான் காயப்போடும்.

எங்கண்ணனுக்குப் பொண்ணு பேசலாம்னு வீட்ல பேச்சு எடுத்தாங்க. அவங்க ஆளுக விசாரிக்க வருவாங்கல்ல. அப்ப எங்கய்யா, அப்பாவைத்தான் அப்படிக் கூப்பிடுவோம், ஒருநாள் அவனைக் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, ரயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு கோயிலுக்குன்னாங்க, எந்த ஊருன்னு சொல்லல. ஸ்டேஷன்ல இன்ஜின் ஊதுனதும் அவன் கத்த ஆரம்பிச்சான். நான் ஓடிப்போயி இந்த மூடியைக் கொண்டுவந்து கையில குடுத்தேன். உடனே அடங்கிட்டான். மூடியை மடியில வச்சுக்கிட்டு நல்ல பிள்ளையா ஏறிப் போனான். மறுநாள் அய்யா தனியா வந்தாங்க. நேரா கிணத்தடிக்குப் போயித் தலையில தண்ணி ஊத்திக்கிட்டாங்க. காய்ச்சல்ல போயிட்டான்னு கேக்குறவங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க. அம்மா ஒண்ணும் கேக்கல. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவன் தட்டை எடுக்கல, அவ்வளவுதான். இந்தச் சம்படத்துக்கு வேற மூடி வாங்கவே இல்ல கடைசிவரைக்கும். கடைக்குப் போறப்பல்லாம் மறந்துட்டேன்னு சொல்லும்.

எங்கய்யாவைத் தப்பா நினைக்காத. அவனை வச்சுக்கிட்டு எங்கண்ணனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? மதினி வீட்டு ஆளுக வந்து கேட்டப்போ, எங்க வீட்ல அப்படி யாரும் இல்லேன்னுதான் சொன்னோம். இல்லதானே அப்ப? பொய் இல்லையே.

கோயில்ல அன்னதானம் போடுற இடத்துல நான் வரிசையைப் பாப்பேன், சும்மாத்தான். முகத்தைப் பாக்கறதில்ல, முகம் மாறிருக்கும். கையைப் பாப்பேன். எங்கயாச்சும் ஓட்டல்ல தட்டு விழுந்து சுத்துனா, அது அடங்குற வரைக்கும் எனக்கு நடக்க வராது.

சுபா ஓயல. அடுத்த பிள்ளைக்கும் இப்படி இருக்குமான்னு கேக்கணும்னு, ஆதிரையையும் கூட்டிக்கிட்டு மதுரையில பரம்பரை பாக்குற டாக்டரம்மாகிட்டப் போனோம். மதினிக்கு முழங்கால் வலி, கதிரேசனுக்கு லோடு இறங்குது, மாப்பிள்ளை வழிக்குன்னு நான் போனேன். அந்தம்மா ஒரு தாள்ல ஆம்பளைக்குக் கட்டம், பொம்பளைக்கு வட்டம்னு போட்டு ரெண்டு குடும்பத்தையும் வரைஞ்சுக்கிட்டே பேசுனாங்க. நல்லாத்தான் பேசுனாங்க. ஒரே ஒரு ஜீனால வர்றது கொஞ்சம் பேருக்குத்தானாம், பெரும்பாலும் பல ஜீன் சேந்து வர்றதாம். கொஞ்சம் அப்பா வழி, கொஞ்சம் அம்மா வழி. சிலது ரெண்டு பேர்கிட்டயும் இல்லாம பிள்ளைக்குன்னே புதுசா வருமாம். ரத்தத்துல பாத்தாலும் நிறையப் பேருக்குக் காரணம் தெரியாதாம். ஒரு பிள்ளைக்கு இருந்தா அடுத்ததுக்கு வர்றதுக்குக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு உண்டு, வந்தே தீரும்னும் இல்லையாம். யார் மேலயும் பழி போட இதுல ஒண்ணும் இல்லேன்னு ரெண்டு மூணு தடவை சொன்னாங்க. ஒரே குடும்பத்துல ஒருத்தருக்குப் பேச்சு வராது, இன்னொருத்தர் நல்லாப் பேசுவாங்க, ஆனா சத்தம் ஆகாது, இடம் மாறுனா தாங்காது, அப்படியும் இருக்கும்னாங்க. சொல்லிட்டு என் காதுல இருந்த பஞ்சைப் பாத்தாங்க. குளிருதாம்மான்னு கேக்கப்போறாங்கன்னு நினைச்சேன், கேக்கல. பஸ்ல எங்க உக்காருவீங்க, சாப்பாட்டுல பிடிக்காதது என்னன்னு ஏதேதோ கேட்டாங்க. ரொம்பத் தன்மையான பொம்பளை. மரியாதைக்குக் கேட்டிருக்காங்க.

அப்புறம் சுபா வீட்டுப் பக்கம் கேட்டாங்க. அவ திக்குவாய் மாமாவைச் சொன்னா, மறைக்கல. அடுத்து என் பக்கம் திரும்பி, உங்க வழியில பேச்சு வராதவங்க, இந்த மாதிரி யாராச்சும் இருந்தாங்களான்னு கேட்டாங்க. எங்கண்ணனுக்கு ஒரு கட்டம், எனக்கு ஒரு வட்டம், அதுக்குப் பக்கத்துல வெறும் தாள். அங்க பேனாவை வச்சுக்கிட்டுக் காத்திருந்தாங்க. யாரும் இல்லேன்னு சொல்லிட்டேன். பழி இல்லேன்னா எதுக்குக் கேக்கணும், சொல்லு?

வெளிய வந்ததும் வேப்பமரத்தடியில சுபா என்னை நிறுத்துனா. சண்டை போடுவா, திக்குவாய்க் கதையை இழுப்பான்னு பாத்தேன். அவ மெதுவாத்தான் பேசுனா. "அத்தை, ஒருத்தர் இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும். நான் பழி சொல்லக் கேக்கல. ஆதிரை மாதிரி ஒருத்தர் இந்த வீட்ல வளந்திருந்தா, அவங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க. என்ன சாப்பிட்டாங்க, எதுக்குச் சிரிச்சாங்க, பெரியவங்க ஆனப்புறம் யாரு பாத்துக்கிட்டா. எனக்கு அதுதான் வேணும்"னு கேட்டா.

என்னத்தம்மா சொல்லுவேன் நான்? அவ அப்படியே பிள்ளையைத் தூக்கிட்டுத் திருமங்கலம் பஸ்ல ஏறிட்டா. ஏறுறப்போ சொன்னா, அடுத்த தடவை டாக்டரைப் பாக்கப் போறப்போ வழியில ஏறிக்கிறேன், அதுவரைக்கும் யோசிங்கன்னு. அப்பவும் இல்லேன்னுதான் சொல்லுவீங்கன்னா நானும் என் பிள்ளைகளும் எங்கம்மா வீட்லயே இருந்துக்கிறோம், மறைக்கிற வீட்ல ஆதிரையை வளக்க எனக்குப் பயமா இருக்குன்னா. அது எங்க வீட்டுப் பிள்ளைம்மா. அவன் கண்ணு அதுக்கு. அதுவும் போயிருச்சுன்னா?

மதினிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா? என்னத்த விசாரிச்சேன்னு கேட்டவங்க, எங்களையே ஏமாத்திக் கட்டி வச்சீங்களான்னு கேப்பாங்க. எங்கய்யா பேரு போயிரும், செத்தவங்க பேரு. அண்ணனும் இல்ல, அம்மாவும் இல்ல, அவன் ஒருத்தன் இருந்தான்னு தெரிஞ்ச ஆளு இந்த உலகத்துல நான் ஒருத்திதான். நானும் இல்லேன்னு சொல்லிட்டா அவன் பிறக்கவே இல்லேன்னு ஆயிரும், இல்ல?

இன்னைக்குத்தாம்மா அந்த அடுத்த தடவை. இது திருமங்கலந்தானே? இப்பத்தான் ஏறுன மாதிரி இருந்துச்சு, அதுக்குள்ள வந்துருச்சு. அங்க பாரு, பழக்கடைப் பக்கத்துல, பச்சைச் சேலை. வயிறு நல்லாத் தெரியுது இப்ப. அந்தப் பிள்ளை காதைப் பொத்திக்கிட்டு நிக்குது பாரு. பஸ் நின்னதும் டிரைவர்கிட்ட ஹாரன் அடிக்க வேண்டாம்னு சொல்லச் சொல்லும்மா யாரையாச்சும்.

நீ எந்திரிக்கிறியா? எதுக்கு? சரி, அந்தப் பக்கம் இடம் இருக்கு, போயி உக்காந்துக்க. புண்ணியமாப் போகும்.

வா சுபா. வா. இல்ல இல்ல, நீ நடுவுல உக்காரு. நான் இந்த ஓரத்துக்கு வந்துக்கிறேன். பிள்ளையை ஜன்னல்கிட்ட விடு, காத்து வரட்டும். எனக்கு ஒண்ணும் செய்யாது, உக்காரு. தட்டுக்குத்தான் கை வைக்கிறா, முறுக்குக்கு இல்ல. குடு அவகிட்ட. முடிச்சை அவுத்துட்டேன், எடுத்துக்கட்டும். சுத்த இடமில்ல இங்க, மடியில வச்சுக்கட்டும்.

தவசின்னு பேரு சுபா, தவசிமுத்து. எனக்கு அடுத்தவன். முறுக்கை உடைச்சுக் குடுத்தா வாங்க மாட்டான், முழுசாத்தான் வேணும். ஆடி மாசக் காத்துல குடோன் தகரம் படபடன்னு அடிச்சா அதுக்குச் சிரிப்பான், மத்த சத்தத்துக்கெல்லாம் அழுவான். தூங்குறப்போ என் காதைப் புடிச்சுக்குவான். அவனுக்கு எட்டு வயசு ஆகுற வரைக்கும் எனக்குத் தெரியும், எல்லாத்தையும் சொல்றேன். அதுக்கப்புறம் யாரு பாத்துக்கிட்டான்னு கேட்டேல்ல? அது எனக்குத் தெரியாதும்மா.